படத்தின் பின்பக்கம்

எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். நாமக்கல் பக்கத்துக் கிராமம். அவர் வீட்டுக்காரர் லாரி டிரைவர். இறந்து பல வருடம் ஆகிறது. வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டு வந்தார்.

"பாருங்க தம்பி, கல்கத்தாவுக்கு லோடு கொண்டு போனப்ப எடுத்தது" என்றார்.

படத்தில் அவர் ஹவுரா பாலத்துக்கு முன்னால் நிற்கிறார். நான் உற்றுப் பார்த்தேன். பாலத்தின் அடியில் துணி மடிப்பு தெரிந்தது. அது திரையில் வரைந்த பாலம்! ஸ்டூடியோவுக்குள் எடுத்த படம். சொல்லலாமா, வேண்டாமா என்று தயங்கினேன். பிறகு சொன்னேன். அக்கா சிரித்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும். அவரே சொன்னாரு."

படத்தில் நெற்றி மேல் ஒரு கீறல். ஓரமெல்லாம் பூஞ்சை. அதைச் சரிசெய்ய வேண்டும். அக்காவுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. இருவரும் சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்ததில்லை. கல்யாணத்திலும் இல்லை.

"கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரையும் சேர்த்துத் தர்றாங்களாம். அது தப்பா தம்பி?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. படித்துவிட்டு வருகிறேன் என்றேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்காவின் படம் எடுத்த ஊரிலிருந்தே தொடங்கலாம். கல்கத்தா என்ற பெயர் 2001-இல் கொல்கத்தா என்று மாறியது. புகைப்படக் கலை 1839-இல் பாரிஸ் நகரில் அறிவிக்கப்பட்டது. மறு வருடமே கல்கத்தாவில் காமிரா விற்க விளம்பரம் வந்துவிட்டது. 1856-இல் அங்கே வங்காளப் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அதில் பலர் ஆசைக்குப் படம் எடுத்தவர்கள். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தார்கள்.

அந்தச் சங்கத்தில் ராஜேந்திரலால் மித்ரா என்ற அறிஞர் பொருளாளராக இருந்தார். அவுரித் தோட்ட வெள்ளைக்கார முதலாளிகள் விவசாயிகளைக் கொடுமை செய்தார்கள். அதை அவர் 1857-இல் மேடையில் கண்டித்துப் பேசினார். சங்கத்திலிருந்து அவரை வெளியேற்றினார்கள். படம் எடுக்கும் சங்கத்துக்குள்ளும் இப்படி ஒரு கதை! இது நம் பாடத்துக்குத் தேவையில்லைதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த நாளிலேயே படத்தைத் திருத்தினார்களா? திருத்தினார்கள். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால், நெகட்டிவில் கூரான பென்சிலால் மெல்லத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கறுப்பாக இருப்பது படத்தில் வெள்ளையாக வரும். அதனால் தழும்பின் நிழல் மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் வண்ணம் பூசுவதும் உண்டு. இங்கிலாந்தில் ரைலாண்டர் என்பவர் 1857-இல் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக ஆக்கினார்.

கல்கத்தாவில் பெயர் பெற்ற ஸ்டூடியோ போர்ன் அண்ட் ஷெப்பர்ட். 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1991-இல் அங்கே தீப்பிடித்தது. பழைய நெகட்டிவ்கள் ஏராளமாக எரிந்துபோயின. 2016-இல் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். ஒரு படம் எரிந்தால் ஒரு முகம் போயிற்று. அக்காவின் படத்தைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிக்கிறது. நம் வாசல் கோலம்போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. சாதாரணமாக, கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. நடுவில் உள்ள எண்கள் சாம்பல் நிறங்கள். அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் 1957-இல் தன் கைக்குழந்தையின் படத்தை முதன்முதலாக இப்படிக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். பக்கத்துக்கு 176 புள்ளிகள். அதாவது மொத்தம் 30,976. இன்று கைப்பேசி எடுக்கும் படத்தில் கோடிப் புள்ளிகளுக்கு மேல் இருக்கும்.

படம் எண்ணாகிவிட்டால் திருத்துவது சுலபம். எண்ணை மாற்றினால் நிறம் மாறும். கீறலை மறைக்க, பக்கத்தில் உள்ள நல்ல புள்ளிகளை எடுத்து அதன்மேல் வைக்கிறார்கள். கிழிந்த சேலைக்கு அதே சேலையின் துணியில் ஒட்டுப் போடுவதுபோலத்தான். இதற்கான ஃபோட்டோஷாப் என்ற புரோகிராமை தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கினார்கள். அது 1990-இல் விற்பனைக்கு வந்தது.

இன்று கொல்கத்தாவில் ஆசைக்குப் படம் எடுப்பவர்கள் ஏராளம். துர்கா பூஜைக்கு முன்பு களிமண் சிலை செய்யும் குமார்டுலித் தெருக்களில் காமிராவும் கையுமாக நிற்பார்கள். ஹவுரா பாலத்தடியில் பூ மார்க்கெட் இருக்கிறது. விடியற்காலையிலேயே அங்கேயும் வந்துவிடுவார்கள். எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே திருத்துகிறார்கள். இருட்டை வெளிச்சமாக்குகிறார்கள். குறுக்கே ஓடும் மின்கம்பியை அழிக்கிறார்கள். இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். 2017 ஜூலையில் அதே மேற்கு வங்கத்தில், பசீர்ஹாட் பகுதியில் கலவரம் நடந்தது. ஒரு பெண்ணைச் சிலர் மானபங்கம் செய்வதுபோல ஒரு படம் கைப்பேசிகளில் பரவியது. 'பசீர்ஹாட்டில் நடந்த கொடுமை' என்று எழுதியிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு ரத்தம் கொதித்தது. உண்மையில் அது ஒரு போஜ்புரி சினிமாவில் வரும் காட்சி! படத்தைப் பரப்பியதற்காகப் போலீசார் ஒருவரைக் கைது செய்தார்கள்.

கவனியுங்கள். அந்தப் படத்தில் யாரும் ஒரு புள்ளியைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை. சேர்த்து எழுதிய ஒரு வரி போதுமானதாக இருந்தது. இன்று கம்ப்யூட்டரே இல்லாத மனிதர்களின் படத்தையும் வரைந்து தருகிறது. ஆகவே கைப்பேசியில் ஒரு படம் வந்தால் கேளுங்கள்: எங்கே எடுத்தது? எப்போது? யார் சொல்கிறார்கள்? பதில் தெரியாத படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப, என் பேரப்பிள்ளைங்க பார்த்து, தாத்தாவும் பாட்டியும் கல்கத்தா போயிருந்தாங்கன்னு நினைச்சுக்குமே?"

அடுத்த வாரம் படம் வந்தது. கீறல் இல்லை. துணிப் பாலத்துக்கு முன்னால் இருவரும் நிற்கிறார்கள். அவருக்கு முப்பது வயது இருக்கும். அக்காவுக்குத் தலை நரைத்திருக்கிறது. "என்னை இளசாக்கவான்னு கடைக்காரத் தம்பி கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன்" என்றார். பழைய படத்தையும் பத்திரமாகத் திருப்பி வாங்கி வந்திருந்தார்.

பிறகு புதுப் படத்தைத் திருப்பி வைத்து, பென்சிலால் அழுத்தாமல் எழுதினார். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். கால் மணி நேரம் ஆயிற்று. 'ம்' எங்கே வரும் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

"இது ரெண்டு படம் சேத்தது. நான் கல்கத்தா பாத்ததில்லை. அவர் பாத்தார்."

எழுத்துப்பிழையை நான் திருத்தவில்லை.

எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்கம் எழுதுங்கள்.