வாரும் வளையமும்

நுழையும்முன்

காலணியின் வாரை இறுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு மிகச் சிறியது. விலையும் சில ரூபாய்தான். ஆயினும் அதை வடிவமைப்பவர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. எவ்வளவு குறைந்த செலவில் அதைச் செய்யலாம்? எந்தக் கை அதைப் பூட்டும்? எந்தக் கால் அதைத் தாங்கும்? முதல் வினாவோடு நின்றுவிடுவோரே மிகுதி. பின்னிரண்டு வினாக்களையும் எழுப்பியவர்களின் வரலாறு தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது.

குரோம்பேட்டையின் அண்டையில்

பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச்சாலையும் மேடவாக்கம் செல்லும் சாலையும் கூடுமிடம் கீழ்க்கட்டளை. இத்தகைய சந்திப்புகளின் ஓரத்தில் குத்தூசியும் மெழுகு நூலும் கத்தியுமாக அமர்ந்து காலணிகளைச் செப்பனிடுவோரைக் கண்டிருப்போம். அவர்கள் முன் கிடக்கும் செருப்புகளைச் சற்று உற்றுநோக்குங்கள். அடிப்பகுதி தேயாமலும் தோல் கிழியாமலும் இருக்க, வாரின் பூட்டு ஒன்று கெட்டுவிட்டதால் பயன்படாமற்போனவை அவற்றுள் இருக்கும். பேச்சுவழக்கில் ‘பக்கிள்’ எனப்படும் இப்பொருளை இப்பாடத்தில் வார்ப்பூட்டு என்றே வழங்குவோம்.

கீழ்க்கட்டளைக்கு மேற்கே குரோம்பேட்டை இருக்கிறது. குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிட்ட ‘குரோம் லெதர்’ தொழிற்சாலையால் அமைந்த பெயர் அது. மரப்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஊறவைத்துப் பதனிடும் பழைய முறையைவிடக் குரோம் முறை விரைவானது. அம்முறையில் கிடைக்கும் தோல் நெகிழ்வும் வெப்பந்தாங்கும் இயல்பும் கொண்டது. பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அடையாற்றில் 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. தோலைப் பற்றி இவ்வளவு அறிந்த இந்நிலப்பகுதியில், தோலைப் பிடித்து நிறுத்தும் உலோகத்தைப் பற்றியும் சிறிது சிந்திப்பது பொருந்தும்.

முள்ளும் துளையும்

நாம் நன்கறிந்த வார்ப்பூட்டில் மூன்று உறுப்புகள் உள்ளன: நாற்கோணச் சட்டம், அதன் நடுவிலோ ஓரத்திலோ அமைந்த குறுக்குக் கம்பி, அக்கம்பியில் சுழலும் முள். வாரிலுள்ள துளை ஒன்றில் முள் நுழைந்து, அதன் நுனி சட்டத்தின்மேல் படிகிறது. பல நூற்றாண்டுகளாக மாறாத அமைப்பு இது. அதற்குக் காரணமும் உண்டு. ஒருமுறை பூட்டினால் தானாக நழுவாது. நாள்தோறும் ஒரே துளையில் பூட்டினால் இறுக்கமும் மாறாது.

குறைகளும் உள்ளன. இழுப்பு முழுவதையும் ஒரே துளையின் விளிம்பு தாங்குவதால், வட்டத் துளை நாளடைவில் நீண்டு கிழிகிறது. முள்ளைத் தனியே வெட்டி, நுனியை மழுக்கி, அடியைச் சுருட்டிச் சட்டத்தில் கோக்க வேண்டும்; அதாவது ஒரு பூட்டுக்கு இருவகை உறுப்புகள், இருவகைக் கருவிகள். உலோகத்தின் விலையைவிட இவ்வேலைகளின் விலையே மிகுதி. இன்னொன்று, அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடைப்பட்ட அளவில் வாரை நிறுத்த இயலாது. மாலையில் கால் சற்று வீங்கும்போது ஒரு துளை இறுக்கமாகவும் அடுத்த துளை தளர்வாகவும் இருப்பதை நாமே உணர்ந்திருப்போம்.

உணர்ந்திருப்போம் என்றுதான் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உணராத கால்களும் உண்டு.

வலி அறியாத கால்

புறநானூற்றின் 257ஆம் பாடல், பகைவருக்கு ஓயாத இன்னல் தரும் வீரன் ஒருவனைச் செருப்பினிடையே சிக்கிய சிறு பரலுக்கு ஒப்பிடுகிறது. அனைவரும் அறிந்த துன்பம் ஆதலால்தான் அவ்வுவமை உடனே விளங்குகிறது. பரல் புகுந்த அடுத்த அடியிலேயே நாம் நின்று, செருப்பைக் கழற்றி உதறுகிறோம். கால் மரத்துப்போன ஒருவருக்கோ அப்பரல் இருப்பதே தெரியாது. அவர் அதன்மேல் நாள் முழுதும் நடப்பார். மாலையில் செருப்பில் குருதி படிந்திருப்பதைக் கண்டபின்தான் அறிவார்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால் செங்கல்பட்டு. அதனையடுத்த திருமணியில் ‘லேடி வில்லிங்டன்’ தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955இல் நடுவண் அரசு அதனை ஏற்று, மத்தியத் தொழுநோய்க் கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தம் தொடக்கக் காலத்தில் இங்கு வந்தார். அப்போது இம்மருத்துவமனைப் பொறுப்பில் இருந்தவர் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பிராண்டு பற்றினார். வலுவற்றதாக இருக்கும் என்று அவர் எண்ணிய அக்கை, அவர் கையை வலிக்கும்படி இறுகப் பிடித்தது. தசைகளில் வலிமை எஞ்சியிருக்கிறது என்பதை அப்பிடி அவருக்கு உணர்த்தியது. மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்யும் அவரது பணிக்கு அதுவே தூண்டுகோலாயிற்று.

பின்னர் நிகழ்ந்த இன்னொன்றும் நம் பாடத்துக்கு நெருக்கமானது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் பிராண்டு திணறியபோது, தொழுநோயால் பாதிக்கப்பட்ட மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைச் சட்டெனத் திருப்பிவிட்டான். அவன் விரலில் குருதி வழிந்தது. சாவியின் விளிம்பு சதையை எலும்புவரை அறுத்திருந்தது. அவன் அதை அறியவேயில்லை. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று மக்கள் நம்பி வந்தனர். உணர்விழந்த உறுப்புகள் அன்றாட வேலைகளில், எவரும் கவனியாத அழுத்தங்களாலும் வெட்டுகளாலும் தீக்காயங்களாலும் சிதைகின்றன என்பதை இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து பிராண்டும் அவர்தம் குழுவினரும் நிலைநாட்டினர்.

காரணம் தெரிந்ததும் மருத்துவமனையில் செருப்புத் தைக்கும் தொழிலும் இடம்பெற்றது. மிகச் சிறிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பரை உள்ளடியாக வைத்துத் தைத்த காலணிகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் உருவாயின. எம்.சி.ஆர். எனப்படும் அந்த ரப்பரை இந்நாளில் நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என 2023இல் வெளியான ஆய்வு கூறுவதை எண்ணினால், இக்காலணி எத்தனை வீடுகளுக்குத் தேவைப்படும் என்பது புலனாகும்.

இத்தகைய காலணியில் ஆணி அடிப்பதில்லை. தேய்ந்த அடியை ஊடுருவி அது காலைக் குத்தக்கூடும். குதிகாலுக்குப் பின்புறம் வார் வேண்டும். அது இல்லையேல் செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் வெறுங்காலோடு நடந்துவிடுவர். அந்த வாரை இறுக்கத்தான் நமது பூட்டு தேவைப்படுகிறது. இப்போது பெரும்பாலும் ‘வெல்க்ரோ’ ஒட்டுப்பட்டையையே தைக்கிறார்கள். விரல் மடங்கியோருக்கும் அது எளிது. ஆனால் சேறும் நூலிழையும் தேங்காய் நாரும் அதன் கொக்கிகளை அடைத்துவிட்டால் பிடிப்புத் தளர்ந்துவிடும். வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவருக்கு உலோகப் பூட்டின் உழைப்பு இன்னும் தேவையே.

இரண்டு வளையங்கள்

இருசக்கர ஊர்தி ஓட்டுவோர் சிலரின் தலைக்கவசத்தில் தாடைவாரின் முனையில் இரண்டு உலோக வளையங்கள் இருக்கும். வாரை இரு வளையங்களின் ஊடேயும் செலுத்தி, மேல் வளையத்தின்மீது மடித்து, கீழ் வளையத்தின் வழியே திருப்பி இழுத்தால் இறுகிக்கொள்ளும். முள் இல்லை, துளையும் இல்லை. விரும்பிய அளவில் நிறுத்தலாம். இவ்வமைப்பைக் காலணிக்குக் கொண்டுவருவதே நம் முயற்சி.

இது பிடித்து நிற்பது எவ்வாறு? கிணற்றில் வாளி இறக்கும்போது கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால், கனமான சுமையையும் சிறு விசையால் தாங்கலாம். சுற்றும் கோணம் கூடக்கூடப் பிடிப்பு பெருக்கல் முறையில் வளர்கிறது. தோலுக்கும் எஃகுக்கும் இடைப்பட்ட உராய்வுக் கெழு 0.3 எனக் கொள்வோம். வார் ஒரு கம்பியை அரைவட்டம் சுற்றினால், தளர்முனையில் உள்ள விசையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு இழுப்பை அது தாங்கும். இருமுறை திரும்பி மொத்தம் ஒரு முழுவட்டம் ஆனால் ஆறரை மடங்குக்கு மேல். அன்றியும், வாரின் ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பை வளையத்தோடு அழுத்துவதால், இழுக்க இழுக்க நெரிசல் மிகுந்து பிடிப்பு மேலும் உறுதியாகிறது. தளர்த்த வேண்டுமானால் மேல் வளையத்தை விரலால் சற்று நிமிர்த்தினால் போதும்.

செய்முறை எளிது. 20 மி.மீ. அகல வாருக்கு உட்புறம் 22 மி.மீ. நீளமும் 14 மி.மீ. அகலமும் உடைய வளையம் வேண்டும். 2.5 மி.மீ. தடிமனுள்ள கம்பியில் அதற்கு ஏறத்தாழ 8 செ.மீ. நீளம் செலவாகும். எஃகின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு வளையத்தின் எடை மூன்று கிராமுக்குச் சற்று மிகுதி. கழிவு போக, ஒரு கிலோ கம்பியில் 300 வளையங்கள் கிடைக்கும். தடித்த இரும்புப் பலகையில் நான்கு எஃகு முளைகளை ஊன்றிக்கொண்டு, அவற்றைச் சுற்றிக் கம்பியை வளைக்கலாம். வளைத்த கம்பி கைவிட்டதும் சற்று மீளும் ஆதலால், செங்கோணத்துக்கு மேலும் இரண்டு மூன்று பாகை கூடுதலாக வளைக்க வேண்டும். இந்த அளவை நூல் பார்த்து அறிவதைவிட நாலைந்து வளையங்களை வீணாக்கி அறிவதே விரைவு.

கம்பியின் இரு முனைகளும் எங்கே சந்திக்க வேண்டும்? நீண்ட பக்கங்களுள் ஒன்றின் நடுவில். அந்தப் பக்கத்தைத்தான் வாரின் மடிப்புக்குள் வைத்துத் தைக்கிறோம். இணைப்பைத் தோல் மூடிக்கொள்கிறது. முனைகளை அரத்தால் மழுக்கிவிட்டால் பற்றவைக்கும் வேலையே இல்லை. இரண்டு வளையங்களும் ஒரே அளவு என்பதால் கருவியும் ஒன்றே. செலவு குறைவதன் சூத்திரம் இங்கேதான் இருக்கிறது. கம்பியை மெலிதாக்கிச் சில பைசா மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம்.

தெரிந்து தெளிவோம்

சென்னையின் உப்புக்காற்றிலும் வியர்வையிலும் மென்னிரும்பு விரைவில் துருவேறும். நிக்கல் பூச்சு அதைத் தடுக்குமாயினும், பூச்சு தேய்ந்த இடத்தில் துரு தொடங்கும். நிக்கல் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் தரும். தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிப்படக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. எனவே 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த, நிக்கலை எளிதில் வெளிவிடாத துருவேறா எஃகுக் கம்பி சிறந்தது. அதன்மேல் தானே படரும் குரோமிய ஆக்சைடு மென்படலம் காப்பாகிறது. குரோம்பேட்டையில் தோலைக் காத்த அதே தனிமம் இங்கு எஃகைக் காக்கிறது.

கையும் காலும்

வரைபடத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றும் வேலை, அணிபவரிடம் கொடுத்தபின் மீண்டும் தொடங்குகிறது. மடங்கிய விரல்களால் வாரின் நுனியை இரு வளையங்களுக்கிடையே கோப்பது கடினம். ஆகவே அதைக் கழற்றவே தேவையில்லாதபடி செய்ய வேண்டும். வாரின் நுனியைத் தடிமனாக மடித்துத் தைத்தால் அது வளையத்தைத் தாண்டி வெளியேறாது. வாரைத் தளர்த்திக் காலை நுழைத்து, நுனியை இழுத்தால் போதும். அந்நுனியிலேயே ஒரு விரல் புகுமளவு தோல் வளையம் அமைத்துவிட்டால், பிடிக்க இயலாத கையும் கோத்து இழுக்கும்.

காலின் பக்கம் நோக்குவோம். வார் 20 நியூட்டன் விசையோடு பூட்டைக் காலின்மேல் அழுத்துவதாகக் கொள்வோம். 22 மி.மீ. நீளமும் 2.5 மி.மீ. தடிமனும் உள்ள கம்பி நேரே தோலில் பட்டால், அவ்விசை ஏறத்தாழ 55 சதுர மி.மீ. பரப்பில் குவியும். பூட்டின் அடியில் 40 மி.மீ.க்கு 30 மி.மீ. அளவில் தடித்த தோல் திண்டு ஒன்றைத் தைத்தால் பரப்பு 1200 சதுர மி.மீ. ஆகிறது, விசை அதில் சீராகப் பரவினால் அழுத்தம் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. சித்திரை வெயிலில் சுடும் உலோகத்துக்கும் காலுக்கும் இடையே அத்திண்டு தடுப்பாகவும் நிற்கும். புறங்காலின் மேட்டெலும்பிலும் கணுக்காலின் புடைப்பிலும் பூட்டு அமையாதவாறு அதை வெளிப்பக்கவாட்டில் தைக்க வேண்டும்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. எந்த அளவிலும் நிறுத்தலாம் என்னும் இவ்வமைப்பின் சிறப்பே, உணர்விழந்த காலுக்கு இடரும் ஆகிறது. எவ்வளவு இறுக்கினோம் என்பதைக் கால் சொல்லாது. முட்பூட்டில் துளை எண்ணிக்கை ஒரு வரம்பாக இருந்தது. இங்கு அது இல்லை. வாரின்மேல் வண்ண நூலால் குறுக்கே ஒரு தையல் இட்டு, அக்கோடு வளையத்தைத் தொடும் அளவுக்கு மேல் இழுக்கலாகாது எனக் காட்டலாம். கால் சொல்லாததைக் கண் சொல்லும். கோட்டின் இடத்தைக் காலணி தைப்பவர் தாமாக முடிவுசெய்ய இயலாது; அணிபவரை நடக்கவிட்டு, கழற்றச் சொல்லி, தோலில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்த்தபின்பே தைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதியில் காலணி செப்பனிடுவோர் ஒருவரைச் சந்தித்து, வார்ப்பூட்டுகள் எவ்வெவ்வாறு பழுதாகின்றன என்று கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

ஒரு கையின் விரல்களை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு, முட்பூட்டு, ஒட்டுப்பட்டை, இரட்டை வளையம் ஆகிய மூன்றையும் பூட்டிப் பாருங்கள். எது எளிதாக இருந்தது, எந்த இடத்தில் கை தடுமாறியது என்பதைக் குறிப்பெடுத்துக் கலந்துரையாடுக.