டயர் விற்ற கட்டடம்: கான்கிரீட்டுக்குள் கம்பி எதற்கு?

மாணவர்களே, லண்டன் நகரின் ஃபுல்ஹம் சாலையில் டயர் விற்பதற்கென்றே கட்டப்பட்ட ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் மிஷலின் இல்லம். பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின், பிரிட்டனில் தன் அலுவலகம், கடை, கிடங்கு மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள அதைக் கட்டியது. திறப்பு நாள் 1911 ஜனவரி 20. வரைபடம் போட்டவர் பிரான்சுவா எஸ்பினாஸ் என்பவர். இவர் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்.

அக்காலத்தில் டயர் அடிக்கடி பஞ்சராகும். சாலையெங்கும் குதிரை லாடத்து ஆணிகள் கிடக்கும். கார் வைத்திருப்பவர் நேரே கட்டடத்தின் முன்புறத்துக்கு ஓட்டி வந்தால், ஊழியர்கள் அங்கேயே டயரை மாற்றித் தருவார்கள். நிலவறையில் 30,000க்கும் மேற்பட்ட டயர்கள் இருந்தன. மின்தூக்கி அவற்றை மேலே கொண்டுவரும். அங்கிருந்து வாசல்வரை தரை இலேசாகச் சரிந்திருக்கும். டயரை விட்டால் தானே உருண்டு போகும். சாய்தளமும் புவியீர்ப்பும் சம்பளம் இல்லாமல் செய்த வேலை இது! பாடநூலில் 'எளிய எந்திரம்' என்று படிக்கிறீர்களே, அதுதான்.

இந்த டயர்களுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிறகு மலாயாவில் கித்தாக் காடுகள் பெருகின. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது, தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். உங்கள் கொள்ளுத் தாத்தா பாட்டி அவர்களுள் இருந்திருக்கலாம். மிஷலின் இல்லம் திறந்த சில ஆண்டுகளிலேயே தோட்ட ரப்பர், பிரேசில் நாட்டுக் காட்டு ரப்பரை உற்பத்தியில் முந்திவிட்டது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ரப்பர் எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. கீழே ஆயிரக்கணக்கில் டயர், மேலே அலுவலகத்தில் ஆட்கள். மரத் தரையும் மர உத்தரமும் போட்டால் என்ன ஆகும்? அதனால் தேர்ந்தெடுக்கப்பட்டது கம்பி வைத்த கான்கிரீட். பிரான்சுவா ஹெனபீக் என்ற பிரெஞ்சுக் கட்டுமானக்காரர் 1892இல் காப்புரிமை பெற்ற முறை அது.

கான்கிரீட்டே கல்போல் கெட்டியாயிற்றே, உள்ளே கம்பி எதற்கு? விடை உங்கள் பென்சில் பெட்டியிலேயே இருக்கிறது. நீளமான அழிப்பான் ஒன்றை எடுங்கள். அதன் பக்கவாட்டில் பேனாவால் செங்குத்தாகப் பல கோடுகள் போடுங்கள். இரு முனைகளையும் பிடித்து, நடுப்பகுதி கீழே தொங்குமாறு வளையுங்கள். மேற்புறத்தில் கோடுகள் நெருங்கும். அங்கே அமுக்கம். அடிப்புறத்தில் கோடுகள் விலகும். அங்கே இழுவிசை. பாரம் சுமக்கும் உத்தரத்திலும் இதேதான் நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

அமுக்கத்தைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசைக்கே விரிசல் விடும். எஃகு இழுவிசைக்கு அஞ்சாது. ஆகவே இழுபடும் அடிப்பகுதியில் எஃகுக் கம்பியைப் பதிக்கிறார்கள். ஹெனபீக் இன்னும் ஒரு படி மேலே போனார். தூணுக்கு அருகில் சில கம்பிகளை மேல்நோக்கி வளைத்தார். தூண், உத்தரம், தரை எல்லாம் ஒரே உடம்பாக இறுகும்படி செய்தார். தூண்களே பாரத்தைச் சுமப்பதால் தடித்த சுவர்கள் தேவையில்லை. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய சன்னல்களை வைக்கலாம். காரும் தாராளமாக நுழையும்.

தீயிலும் இந்தக் கூட்டணி உதவுகிறது. எஃகு எரியாது என்பது உண்மைதான். ஆனால் 600 டிகிரி செல்சியஸ் அளவில் அதன் வலிமை பாதியாகிவிடும். சுற்றியுள்ள கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் உள்ளிருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும்.

பாதுகாப்பைச் சொல்லிவிட்டு அழகை விட்டுவிட முடியாது. முகப்பின் இரு பக்கத்திலும் டயர்களை அடுக்கி வைத்ததுபோல் கண்ணாடிக் கூண்டுகள். சுவரெங்கும் அக்காலப் பந்தயக் கார்களின் படம் தீட்டிய பீங்கான் ஓடுகள். நுழைவிடத் தரையில் சிறு கற்களால் பதித்த 'பிபெண்டம்', அதாவது டயர்களால் ஆன அந்தக் குண்டு மனிதர், கையில் ஆணிகள் நிறைந்த கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். எங்கள் டயர் ஆணியையும் குடித்துவிடும் என்பது பொருள். விளம்பரம் என்றாலும் ரசிக்கத்தக்க குறும்பு!

பிபெண்டம் ஏன் வெள்ளையாக இருக்கிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? அவர் பிறந்த 1898இல் டயர்கள் கறுப்பாக இல்லை. ரப்பரின் இயல்பான நிறம் வெளிறியதுதான். கரிப்பொடி கலந்தால் டயர் எளிதில் தேயாது, வெயிலில் விரைவில் வெடிக்காது என்பது தெரிந்து, அந்தப் பழக்கம் பரவிய பிறகே டயர் கறுத்தது. டயரின் நிறம் மாறியும் பிபெண்டத்தின் நிறம் மாறவில்லை.

முகப்பில் பிபெண்டம் படம் கொண்ட மூன்று பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இருந்தன. 1940இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி அவற்றைக் கழற்றி, நிறுவனத்தின் ஸ்டோக் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். கட்டடம் போரில் தப்பியது. பத்திரப்படுத்தப்பட்ட கண்ணாடிகள்தாம் காணாமல் போயின! 1985இல் டெரன்ஸ் கான்ரன், பால் ஹாம்லின் ஆகிய இருவரும் கட்டடத்தை வாங்கிப் புதுப்பித்து, 1987இல் மீண்டும் திறந்தார்கள். அப்போது பழைய சன்னல்களைப் பார்த்துப் புதியவை செய்து பொருத்தப்பட்டன. இன்று அங்கே நீங்கள் காண்பது அவற்றைத்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள பொருளின் வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால், எஃகு ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் நீளும், கான்கிரீட் 0.3, அலுமினியம் 0.69. இருபது மீட்டர் உத்தரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளும்? எஃகுக்குப் பதில் அலுமினியக் கம்பியைப் பதித்திருந்தால் கான்கிரீட்டுக்கு என்ன நேர்ந்திருக்கும்? விடையைக் காரணத்தோடு எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.