பொண்ணு கணக்குப் பட்டம் படிச்சா கட்டுப்படியாகுமா?



பிளஸ் டூ முடிச்ச பொண்ணை அரியலூர் அரசு கலைக் கல்லூரியிலோ, குரும்பலூர் அரசு கல்லூரியிலோ பி.எஸ்சி. கணிதம் சேர்க்க குழுக் கடன் கேட்கிறீங்களா? முதல்ல வரவு செலவு பார்ப்போம். இது உதாரணம்தான், உங்க வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்க.

செலவு (3 வருஷம்)

1. கட்டணம், பஸ், புத்தகம்: வருஷம் 15,000 வீதம் 45,000 ரூபாய்.
2. விட்டுப்போற கூலி: வெங்காயம், பருத்தி வேலையில மாசம் 6,000 வீதம் 2,16,000 ரூபாய். இதைப் பலரும் கணக்குல சேர்க்கிறதில்லை.

மொத்தம் 2,61,000 ரூபாய். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச பெண்களுக்காக 2022-ல் தொடங்கின புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 கிடைச்சா 36,000 கழியும். மீதி 2,25,000 ரூபாய்.

வரவு

12,000 சம்பளத்துல வேலை கிடைச்சா, கூலியை விட மாசம் 6,000 கூடுதல். 38 மாசத்துல போட்ட பணம் திரும்பிடும். அதுக்கப்புறம் எல்லாம் லாபம். பட்டம் வாங்கிட்டு அதே கூலி வேலைக்குப் போனா பணம் திரும்பாது. கடைசி வருஷத்துல கல்யாணத்துக்காக நிறுத்தினாலும் செலவுதான் மிஞ்சும்.

அதனால, அடுத்த படியை இப்பவே முடிவு பண்ணுங்க.

* அரசுப் பள்ளி கணக்கு டீச்சராக: பி.எட். 2 வருஷம், டெட் தேர்வு, பிறகு போட்டித் தேர்வு. இந்த 2 வருஷச் செலவையும் சேர்த்துக்கோங்க.
* குரூப் 2, வங்கி கிளார்க்: பட்டம் போதும். கணக்குக் கேள்வியில நம்ம பொண்ணுக்குப் பலம்.
* குரூப் 4: பத்தாவதே தகுதி. படிக்கும்போதே எழுதலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம குழுவுல பட்டம் முடிச்ச பெண்கள் எத்தனை பேர்? அவங்க இப்போ என்ன வேலை செய்றாங்க?