வேலையோடு டிகிரி: அக்கா சொல்றேன், கேட்டுக்கோ

கண்ணு, பி.காம் சேரப் போகிறேன் என்று நீ சொன்னதும் "இந்த வயசுல எதுக்கு?" என்று அம்மா கேட்டிருப்பாங்க. காதில் போட்டுக்கொள்ளாதே. பனியன் கம்பெனியில் இத்தனை வருஷமாக டேலி தட்டுகிறவளுக்கு அந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே அத்துப்படி. உன்னை மடக்கினால் தேதிகள்தான் மடக்கும்.

தமிழில் எழுத ஆசை என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இங்கிலீஷில் சமாளிப்பாய் என்றால் இக்னோ. வேறு எங்கே சேர்ந்தாலும், யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் அனுமதிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் படிப்பும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று நீயே பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு மாட்டி, "ஒரே வருஷத்தில் டிகிரி" என்பவரிடம் நின்று பேசக்கூட வேண்டாம்.

சேர்வதற்கு இப்போது ஏபிசி ஐடியும் (படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்), அதை வைத்து அந்தத் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் எடுக்கும் டெப் ஐடியும் வேண்டும். 2024-ல் வந்த வழக்கம். இதில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பத்தாவது மார்க்‌ஷீட்டில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் மாப்பிள்ளை இனிஷியல், இரண்டிலும் பெயர் ஒத்துப்போகாது. அட்மிஷன் நெருக்கத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடாமல் இப்போதே சரி செய்துவிடு.

உன் செக்‌ஷனில் பத்தாவதோடு நின்ற அந்தப் பெண்ணும் சேரப் போகிறாள் என்றாயே, அவளிடம் சொல்லு: பிளஸ் டூ இல்லாமல் நேரடியாக வாங்குகிற திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதட்டும். நீ முடித்தவள், உனக்குக் கவலையில்லை.

இக்னோ என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான பேப்பர்களில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் சறுக்குவது இந்த அசைன்மென்ட்டில்தான். "எப்படியும் தேதியை நீட்டிப்பார்கள்" என்று கடைசி வாரம் வரை விட்டுவிட்டு, பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நீ மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை எழுது. டைப் அடிக்கக் கூடாது, கையெழுத்துதான். போன வருஷக் கேள்விக்கு எழுதிக் கொடுத்தால் செல்லாது, உன் செஷனுக்கான தாளைத்தான் டவுன்லோடு செய்ய வேண்டும். கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடு. ஸ்டடி சென்டரில் கொடுத்தால் சீல் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதே. ஆறு மாசம் கழித்து மார்க் ஏறவில்லை என்றால் அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி என்று நான் சொல்லமாட்டேன். யூகேஜி படிக்கிற பையன் இருக்கும் வீட்டில் அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. வேலை முடிந்ததும் அதே நாற்காலியில் முக்கால் மணி நேரம் படித்துவிட்டுக் கிளம்பு. வீட்டுக்குள் கால் வைத்தால் அப்புறம் புத்தகமாவது ஒன்றாவது! மாசா மாசம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கழுத்தைப் பிடிக்கும், அந்த இரண்டு மூன்று நாள் புத்தகத்தைத் தொடாதே. மார்ச்சும் அப்படித்தான்.

மாப்பிள்ளையிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. செவ்வாய், வியாழன் பையனை டியூஷனிலிருந்து கூட்டி வருவதும் ராத்திரி தோசையும் அவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடு. தோசை கருகினாலும் எழுந்து போகாதே.

தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். வார நாளிலும் வரும். காலைத் தேர்வு பத்து மணிக்கு, மதியத் தேர்வு ரெண்டு மணிக்கு என்பதால் பல நாள் அரை நாள் லீவே போதும். டேட் ஷீட் வந்த அன்றே ஒரு பிரதி மேனேஜர் மேசைக்குப் போகட்டும். கடைசி நேரத்தில் போய் நின்றால் ஷிப்மென்ட்டைக் காரணம் காட்டுவார். எல்லாப் பேப்பரையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று வருஷப் படிப்புக்கு ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு. எழுத முடிந்த பேப்பர்களுக்கு மட்டும் தேர்வுப் பணம் கட்டு. பழைய கேள்வித்தாள்கள் இக்னோ இணையதளத்திலேயே கிடைக்கும், கைடு வாங்கிக் காசைக் கரைக்காதே.

ஜனவரி சேர்க்கையில் சேர். ஒரு பேப்பர் பாக்கி இருந்தாலும் அடுத்த வருஷத்துக்கு ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் செய்யலாம், ஆனால் தேதி தவறினால் காத்திருக்க வேண்டியதுதான். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், நகைச் சீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குள் அட்மிஷன் ஃபீஸைத் தனியாக எடுத்து வை.