நம் திடலில் ஓர் ஆட்டம் – கூடைப்பந்தும் நான்கு சென்டிமீட்டரும்



மண்டலப் போட்டியின் ஓர் ஆட்டம் இந்த ஆண்டு நம் கல்லூரித் திடலில் நடக்கும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் பலபேர் கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம கிரவுண்டுலயா?" கேள்வியில் நியாயம் இருந்தது. வழக்கமாக நம் அணிதான் பஸ் பிடித்து மற்ற கல்லூரிகளுக்குப் போகும். நம் திடலைத் தேடி வெளி அணி வந்து யாரும் பார்த்ததில்லை.

சொந்தத் திடலில் ஆட்டம் என்றால் அணி மட்டும் தயாரானால் போதாது, திடலும் தயாராக வேண்டும். அணியைப் பற்றி எழுத ஆள் உண்டு. நான் அணியில் பதினோராவது ஆள், படிப்பது சிவில். ஆகவே திடலைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நிபந்தனை. ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து திடலை அளப்பார்கள். அளவு தப்பாக இருந்தால் ஆட்டம் எதிரணியின் கல்லூரிக்கு மாறிவிடும். நம் முதல் ஐவரில் நான்கு பேர் இறுதியாண்டு. அவர்கள் ஆடி வீட்டார் ஒருவரும் பார்த்ததில்லை. ஹார்பரிலும் மார்க்கெட்டிலும் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ஆட்டம் பார்க்க தாம்பரம் வரை வருவார்களா? மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் என்றால் நடந்தே வந்துவிடுவார்கள். ஆட்டம் மாறினால் அந்த வாய்ப்பு போச்சு.

இந்த விளையாட்டின் அளவுகள் எங்கிருந்து வந்தன என்பது சுவையான கதை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்களைக் கட்டிடத்துக்குள் ஆடவைக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பதின்மூன்று விதி, ஒரு கால்பந்து, பீச் பழக்கூடை இரண்டு. கூடைகளை ஜிம்னாசியத்தின் பால்கனி விளிம்பில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அதே 10 அடிதான் இன்றைக்கும் உலகம் முழுக்க 3.05 மீட்டர். பால்கனியை ஒரு அடி தாழ்த்திக் கட்டியிருந்தால் நம் ஊர் வளையமும் ஒரு அடி தாழ்ந்திருக்கும்! சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் கல்லூரியாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே பயிற்சி பெற்றவர்கள்தான்.

இனி நம் திடல். தரையில் இருந்த கோடுகள் 2010-க்கு முந்தையவை. அந்த ஆண்டில் சர்வதேசக் கூட்டமைப்பு கோடுகளை மாற்றியது. வளையத்தடிக் கட்டம் அதுவரை கடைக்கோட்டில் 6 மீட்டரும் ஃப்ரீ த்ரோ கோட்டில் 3.6 மீட்டருமாகச் சரிவகமாக இருந்தது, அது 4.9 மீட்டர் அகலச் செவ்வகமானது. மூன்று புள்ளி வளைவு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குப் போனது. வளையத்துக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் புதிதாக வந்தது. நாம் இத்தனை வருடமும் பழைய சரிவகத்திலேயே ஆடிக்கொண்டிருந்தோம். பழக்கத்தில் யாருக்கும் உறுத்தவில்லை.

எல்லாக் கோடுகளையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், கோட்டின் பருமன் 5 செ.மீ. நான்கு மூலையும் செங்கோணமா என்று பார்க்க மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். பிதாகரஸ்படி 28-ன் வர்க்கம் 784, 15-ன் வர்க்கம் 225, கூட்டினால் 1009, வர்க்கமூலம் 31.76 மீட்டர். சர்வே லேபில் கிடைத்த டேப்போ 30 மீட்டர்! ஆகவே பாதித் திடலாகப் பிரித்துக்கொண்டோம். 14-க்கு 15 என்றால் மூலைவிட்டம் 20.52. நான்கு மூலைவிட்டமும் சரியாக வரும்வரை ஆணியை நகர்த்தினோம்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அட்மிஷனுக்கு வந்த அன்று, "நீ போய்ட்டு வா, நான் இங்கயே நிக்கிறேன்" என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றவர். தூக்குக்குண்டும் நீல நூலும் வேண்டும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது அன்றைக்குத்தான். நாங்கள் வர்க்கமூலம் கண்டுபிடித்து முடிப்பதற்குள் அவர் நூலில் 3 அடி, 4 அடி முடிச்சுப் போட்டு, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து ஒரு மூலையை மட்டம் பிடித்துவிட்டார். "இதுக்கு எதுக்குடா இவ்ளோ கணக்கு?" என்றார். பிதாகரஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை, ஆனால் முப்பது வருடமாக அந்தத் தேற்றத்தை வைத்துத்தான் சுவர் எழுப்புகிறார்.

மூன்று புள்ளி வளைவு போடுவதுதான் நுணுக்கமான வேலை. அதன் மையம் வளையத்தின் நடுவுக்கு நேர் கீழே தரையில் இருக்கும் புள்ளி. கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டர். தூக்குக்குண்டை வளையத்தின் நடுவிலிருந்து இறக்கி அந்தப் புள்ளியைச் சரிபார்த்தோம். அங்கே ஆணி அடித்து, நூல் கட்டி, 6.75 மீட்டர் ஆரத்தில் சுற்ற வேண்டும். ஆனால் முழு அரைவட்டமாகப் போகக்கூடாது. பக்கக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் உள்ளே நேர்கோடாகிவிடும். எங்கே நேராகிறது? மையத்திலிருந்து பக்கவாட்டில் 7.5 கழித்தல் 0.9, அதாவது 6.6. 6.75-ன் வர்க்கத்திலிருந்து 6.6-ன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.415. அதோடு 1.575 சேர்த்தால் கடைக்கோட்டிலிருந்து 2.99 மீட்டர். விதிப்புத்தகப் படத்திலும் அதே 2.99 போட்டிருக்கிறது. முதல் செமஸ்டர் கணக்கு தரையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தூக்குக்குண்டை இறக்கிய அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. வளையத்தின் மேல்விளிம்பு 3.05 இருக்க வேண்டும். கிழக்கு வளையம் சரி. மேற்கு வளையம் 3.01. அந்தப் பக்கம் தரை விரிசல் விட்டதற்கு எப்போதோ மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். தரை ஏறியது, கம்பம் அப்படியே நின்றது.

நான்கு செ.மீ. தானே, இரண்டு விரல் அகலம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ., வளையத்தின் உள்விட்டம் 45. நேர் மேலிருந்து விழுந்தால் தாராளமாக இடம் உண்டு. ஆனால் பந்து சாய்ந்துதான் வரும். சாய்ந்து வரும் பந்தின் கண்ணுக்கு வட்டம் நீள்வட்டமாகச் சுருங்கும். சுருங்கிய அகலம் 45 பெருக்கல் அந்தக் கோணத்தின் சைன். 30 டிகிரியில் வந்தால் 22.5 செ.மீ. பந்தோ 24. வளையத்தைத் தொடாமல் உள்ளே போக வழியே இல்லை. 32 டிகிரிக்கு மேல் வந்தால்தான் சுத்தமாக இறங்கும்.

அப்படியானால் எந்தக் கோணத்தில் எறிவது? எறிபொருள் பாடத்தில் 45 டிகிரிதான் அதிக தூரம் என்று படித்தோம். அது தரையிலிருந்து தரைக்கு. இங்கே இலக்கு கைக்கு மேலே. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளைய நடுவுக்கு 4.225 மீட்டர். கையிலிருந்து பந்து விடுபடும் உயரம் 2.1 மீட்டர் என்று வைத்தால் இன்னும் 0.95 மீட்டர் ஏற வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 45 டிகிரியில் எறியும் பந்து வளையத்துக்கு 29 டிகிரியில் வந்து சேர்கிறது. அதாவது இரும்பில் இடிக்கும். குறைந்த வேகத்தில் எட்டும் கோணம் 45-உடன் இலக்கின் ஏற்றக்கோணத்தில் பாதியைக் கூட்டினால் வரும். இங்கே ஏற்றக்கோணம் 12.7, ஆக 51 சொச்சம். 52 டிகிரியில் வினாடிக்கு 7.2 மீட்டர் வேகத்தில் எறிந்தால் வளையத்தில் 40 டிகிரியில் இறங்கும். "தூக்கிப் போடு, தூக்கிப் போடு" என்று பி.டி. சார் கத்துவதன் கணக்கு இதுதான்.

40 டிகிரியில் இறங்கும் பந்து வளையத்தின் நீளவாக்கில் 37.3 செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். 45-ல் மீதி 7.7, முன்னால் 3.8, பின்னால் 3.8. அவ்வளவுதான் பிழைக்கு இடம். இப்போது வளையம் 4 செ.மீ. உயர்ந்தால் அதே பந்து வளையத்தின் மட்டத்தை எவ்வளவு முன்னாடியே கடக்கும்? நான்கை டேன் 40-ஆல் வகுத்தால் 4.8 செ.மீ. 3.8-ஐ விட அதிகம். தாழ்ந்த வளையத்தில் நடு மையமாக விழுந்த பந்து, சரியான வளையத்தில் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும்.

கணக்கைக் காட்டியதும் அணிக்குள் சண்டை வந்துவிட்டது. ஒருவர் கேட்டார், "அளக்க வரவங்க கோட்டைத்தான் பாப்பாங்க, ரிங்கை யாரு பாக்கப் போறா? மேற்கு ரிங்கு நம்ம கைக்குப் பழகினது. விட்டுடு." சொந்தத் திடல் என்றால் அதில் ஒரு லாபம் வேண்டாமா என்பது அவர் வாதம். கேப்டன் அண்ணன் வேறு மாதிரி கோபப்பட்டார்: "ரெண்டு வருஷமா பழகின கையை பதினஞ்சு நாள்ல மாத்தச் சொல்றியா?" எனக்குப் பதில் தெரிந்திருந்தாலும் சீனியரிடம் எப்படிச் சொல்வது. பி.டி. சார்தான் சொன்னார்: வெளியூர் ஆட்டங்களில் ஃப்ரீ த்ரோ ஏன் முன்விளிம்பிலேயே இடிக்கிறது என்று மூன்று சீசனாக நாம் திட்டிக்கொண்டிருந்தோமே, அதற்குக் காரணம் இதுதான். அத்தோடு பேச்சு முடிந்தது. மெக்கானிக்கல் நண்பர்கள் வொர்க்ஷாப்பில் பிளேட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். பலகையோடு சேர்த்து வளையத்தை ஏற்றினோம். பலகையின் கீழ்விளிம்பும் 2.90-க்கு வந்து சரியாக உட்கார்ந்தது.

பிறகு பதினைந்து நாள் காலை ஆறு மணிக்கு, ஆளுக்கு 50 ஃப்ரீ த்ரோ. நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் குறித்தேன்: விழுந்தது, முன்னால் இடித்தது, பின்னால் இடித்தது. முதல் நான்கு நாள் 'முன்னால்' கட்டம்தான் நிரம்பி வழிந்தது. எட்டாவது நாளுக்குப் பிறகு முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமானது. அதுதான் கை மாறிவிட்டதற்கு அடையாளம். விழுந்த எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் ஏறியது.

நேர்மையாகக் கிடைக்கும் லாபமும் உண்டு என்பதை விதிப்புத்தகத்தில்தான் கண்டுபிடித்தோம். அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணி, அதாவது சொந்தத் திடல் அணி, வெளிர் நிற உடை போட வேண்டும். ஸ்கோரர் மேஜையிலிருந்து திடலைப் பார்த்தால் இடதுபக்கம் இருப்பது அந்த அணியின் பெஞ்ச். முதல் பாதியில் அது காக்க வேண்டிய கூடையும் அந்தப் பக்கமே. நம் திடல் கிழக்கு மேற்காக நீண்டது. திறந்தவெளித் திடலை வடக்கு தெற்காக அமைப்பதுதான் முறை, மாலை வெயில் கண்ணில் அடிக்காது. அது நம் கையில் இல்லை. ஆனால் மேஜையை எங்கே போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. தெற்கே போட்டால் இடதுபக்கம் மேற்கு; முதல் பாதியில் எதிரணி வெயிலைப் பார்த்துத்தான் எறிய வேண்டும். இரண்டாம் பாதிக்குள் சூரியன் வொர்க்ஷாப் கூரைக்குப் பின்னால் போய்விடும். மேஜை தெற்கே வேப்பமரத்தடியில் போடப்பட்டது!

காற்றுக்கு மட்டும் விதி இல்லை. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று துறைமுகப் பக்கமிருந்து வீசும். திறந்தவெளியில் ஆடுவதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: 1936-ல் பெர்லினில் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது திறந்தவெளி மண் டென்னிஸ் திடலில்தான் ஆடினார்கள். இறுதியாட்டத்தில் மழை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியாமல் அமெரிக்கா 19, கனடா 8 என்று முடிந்தது.

நம் ஆட்டத்தின் முடிவு உங்களுக்குத் தெரியும், மூன்று புள்ளியில் தோற்றோம். ஆனால் 16 ஃப்ரீ த்ரோவில் 12 விழுந்தது. போன சீசனில் எந்த ஆட்டத்திலும் நாம் பாதியைத் தாண்டியதில்லை. வேலி ஓரம் நின்ற கூட்டத்தில் லோடுமேன்களும் மீன்காரம்மாக்களும் இருந்தார்கள். கேப்டன் அண்ணனின் அம்மா, மகன் கையில் பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். சதர்ன் ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று வீட்டில் சொன்னால் நம்பாதவர்களிடம், 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன் அனிதா பால்துரை நம் சென்னைக்காரர், சதர்ன் ரயில்வேயில் இருந்தவர் என்று சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு திடலைப் பார்த்துக்கொள்ளப் போகும் தம்பி தங்கைகளுக்கு: வெள்ளைப் பெயின்ட் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். மையப் புள்ளிகளில் அடித்த இரண்டு எஃகு ஆணிகளையும் பிடுங்கவில்லை, தலை தரையோடு தரையாக இருக்கிறது. நூலை அங்கிருந்து பிடித்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். தரையில் மறுபடி பூச்சு பூச யாராவது வந்தால், பூசி முடித்த அன்றே வளையத்தின் உயரத்தை அளந்துவிடுங்கள். தூக்குக்குண்டு ஸ்போர்ட்ஸ் ரூம் அலமாரியில் இருக்கிறது. அப்பா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.