எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள்

சிலிக்கானில் பாஸ்பரஸ், போரான் போன்ற மாசை அளந்து சேர்த்தால்தான் டிரான்சிஸ்டரும் சூரிய மின்கலமும் பிறக்கின்றன. சேர்த்த அளவைச் சொல்லப் பல அலகுகள் புழக்கத்தில் உள்ளன. மாணவர்களின் விடைத்தாளில் ஆயிரம், லட்சம் மடங்குப் பிழைகள் நுழைவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

நம்பிக்கை: கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ மாசு அணுக்கள் என்றால் அது ஏகப்பட்ட மாசு.

உண்மை: ஒரு கன சென்டிமீட்டரில் சிலிக்கான் அணுக்களே சுமார் 5×10²² இருக்கின்றன. அப்படியானால் 5 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரே ஒரு மாசு அணு, படிகம் 99.999998 சதவீதம் சிலிக்கான்தான். ஆனாலும் இந்தத் துளி சாதாரணமானதல்ல. அறை வெப்பநிலையில் தூய சிலிக்கானில் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10¹⁰ கட்டற்ற எலக்ட்ரான்களே உண்டு. பாஸ்பரஸ் அணு ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைத் தருவதால் அந்த எண்ணிக்கை லட்சம் மடங்கு உயர்கிறது.

நம்பிக்கை: கன மீட்டரா, கன சென்டிமீட்டரா என்பது சின்ன விஷயம்.

உண்மை: இரண்டுக்கும் இடையே 10 லட்சம் மடங்கு. பிளஸ் டூ என்சிஇஆர்டி இயற்பியல் நூலில் சிலிக்கானுடன் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆர்செனிக் சேர்க்கும் கணக்கு ஒன்று உண்டு. அங்கே ஆர்செனிக்கின் அளவு கன மீட்டருக்கு 5×10²². கன சென்டிமீட்டரிலுள்ள சிலிக்கான் அணுக்களின் எண்ணிக்கையும் அதே 5×10²² தான்! அலகைக் கவனிக்காதவர், பாதிப் படிகமே ஆர்செனிக் என்று நினைத்துவிடுவார். கன சென்டிமீட்டர் கணக்கில் அது வெறும் 5×10¹⁶.

நம்பிக்கை: பிபிஎம் என்றால் எங்கும் ஒரே பொருள்.

உண்மை: அணுக்களை எண்ணினோமா, எடை போட்டோமா என்பதைப் பொறுத்து விடை மாறும். போரானின் அணு எடை 10.8, சிலிக்கானுக்கு 28.1. எனவே எடையில் 1 பிபிஎம் போரான், அணுக் கணக்கில் 2.6 பிபிஎம் ஆகிறது. பாஸ்பரஸின் அணு எடை 31. அங்கே வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான்.

நம்பிக்கை: அயனிப் பதிப்பில், அதாவது மாசு அயனிகளைச் சிலிக்கானுக்குள் செலுத்தும் முறையில், சொல்லும் 'டோஸ்' என்பதே செறிவு.

உண்மை: டோஸ், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை அயனிகள் இறங்கின என்பதைச் சொல்கிறது. ஆழம் தெரியாமல் அதைச் செறிவாக்க முடியாது. 10¹³ டோஸ் 0.1 மைக்ரான் ஆழத்துக்குள் சீராக அடங்கினால் செறிவு கன சென்டிமீட்டருக்கு 10¹⁸. பின்னர் சூடாக்கும்போது மாசு 1 மைக்ரான் வரை பரவினால் 10¹⁷. டோஸ் மாறவில்லை, செறிவு பத்தில் ஒன்றாகிவிட்டது.

நம்பிக்கை: வேஃபர் (சிலிக்கான் வில்லை) பெட்டியில் போட்டிருக்கும் மின்தடை எண்ணே செறிவைச் சொல்லிவிடும்.

உண்மை: எந்த மாசு என்பதும் தெரிய வேண்டும். 1 ஓம்-சென்டிமீட்டர் வேஃபரில் பாஸ்பரஸ் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5×10¹⁵. போரான் என்றால் சுமார் 1.5×10¹⁶. சிலிக்கானில் போரான் தரும் துளைகளைவிட (எலக்ட்ரான் காலியிடங்கள்) பாஸ்பரஸ் தரும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு எளிதாக நகர்வதே காரணம்.

ஆகவே ஒரு செறிவு எண் கையில் கிடைத்தால், எதற்கு இத்தனை என்று முதலில் கேளுங்கள்: கன அளவுக்கா, பரப்புக்கா, அணுக்களுக்கா, எடைக்கா? அதன் பிறகே கணக்கைத் தொடங்குங்கள். குறைகடத்தி படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வகுப்பிலேயே இந்தப் பழக்கத்தை ஊட்டிவிட வேண்டும்.