சத்தத்தை அடைக்காதே

மதுரை, ஜூலை 2001

அன்புள்ள தம்பிக்கு,

அடிக்கடி அறுந்துபோகும் இன்டர்நெட்டுக்குப் பத்து வைத்தியங்கள் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். டிரைவர் போடுவதும் போர்ட் பார்ப்பதும் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குள் நான் வரவில்லை. ஏழாவது வைத்தியத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. போன் லைன் வழியே மோடம் இணையும்போது வரும் கீச்சுச் சத்தம் தொந்தரவாக இருந்தால் ஏ.டி.எம்.0 என்று கட்டளை கொடுத்து அடக்கிவிடலாமாம்.

யாருக்குத் தொந்தரவு? சந்தையில் பானை வாங்குகிற கிழவிகூடச் சுண்டிப் பார்த்துச் சத்தம் கேட்ட பிறகுதான் காசை எடுக்கிறாள். நீ மோடத்தின் வாயைக் கட்டிவிட்டு, அதற்கு என்ன நோய் என்று விண்டோஸிடம் போய்க் கேட்கச் சொல்கிறாய். அது 678 என்று ஒரு எண்ணைக் காட்டும். மறுமுனையில் பதில் இல்லை என்று அர்த்தம். ஏன் பதில் இல்லை? எண் தப்பா, மறுமுனை மோடமே எடுக்கவில்லையா? ஸ்பீக்கர் திறந்திருந்தால் இது கேட்ட மாத்திரத்தில் தெரியும்.

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வயதான அம்மா புகார் கொண்டுவந்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரோ திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான், "ஹலோ" என்றால் 'பீப் பீப்' என்று கத்துகிறான், வைத்துவிடுகிறான், மறுபடி கூப்பிடுகிறான் என்றார். யாரோ பொறுக்கி என்று போலீசுக்கே போவதாக இருந்தார். தேடிப் பிடித்தால், அடுத்த தெருவில் ஒரு கணக்குப்பிள்ளை. இன்டர்நெட் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி அடித்து, தானாக மறுபடி டயல் செய்யும்படி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். சர்வர் பிஸி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மோடமும் ஊமை. உன்னைப் போல யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிக்கொடுத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். ஐந்தைச் சுழற்றினால் செலக்டர் ஐந்து படி ஏறும். பிறகு பக்கவாட்டில் சுற்றிக் காலியான வழியைத் தேடும். ஒரு ஹால் முழுக்க அந்தக் கடகடப்புதான். எங்கள் மூத்த மெக்கானிக் வெற்றிலையை மென்றுகொண்டே வரிசைக்கு நடுவில் நிற்பார். "மூணாவது ரேக், மேலே, ஒண்ணு தடுக்குது பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்று தடுக்கிக்கொண்டுதான் இருக்கும். பிறகு எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள், இ-10பி வந்தது, சி-டாட் வந்தது. ஹாலில் ஏ.சி. சத்தம் மட்டும் மிச்சம். காதால் வேலை பார்த்த தலைமுறை ஓய்வுபெற்றுப் போய்விட்டது. மோடம் வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷமே, லைன் மறுபடி வாய் திறந்து பேசுகிறதே என்பதுதான்.

அது என்ன பேசுகிறது என்று உன் கட்டுரையில் ஒரு வரி உண்டா? மறுமுனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட கூவல் வரும். அதற்குப் பிறகு இரண்டு மோடங்களும் பல ஸ்தாயிகளில் சத்தம் அனுப்பி, இந்தக் கம்பி எதைத் தாங்கும், எதை விழுங்கும் என்று அளந்து பார்க்கும். கடைசியில் ஒரே இரைச்சலாகி அடங்கும். அந்த இரைச்சல் பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், கம்பி அளவுக்குள் சிக்கவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் டிரைவரை அழித்து அழித்துப் போட்டு என்ன பயன்?

மோடம் வேண்டாம், வெறும் போனிலேயே கேள். பேரலலாகக் கொடுத்திருக்கும் போன்களையெல்லாம் கழற்று. ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அமுக்கு. டயல் டோன் நின்றுவிடும். எக்ஸ்சேஞ்ச் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் காதைக் கொடு. 'உம்ம்' என்று தொடர்ந்து இரைந்தால் கம்பி எங்கோ எர்த் ஆகிறது, அல்லது கரன்ட் வயரோடு உரசிப் போகிறது. சடசடத்தால் ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பிகளைப் பிரிக்கும் டி.பி. பெட்டிக்குள் ஐப்பசித் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு கேட்டால் இரண்டு ஜோடிக்கும் நடுவே இன்சுலேஷன் போய்விட்டது. ஒன்றும் கேட்கவில்லையா, அப்புறம் மோடத்தைச் சந்தேகப்படு. பேசுவதற்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று லைன்மேன் சொல்வார். மனிதக் காது மன்னிக்கிற சடசடப்பை மோடம் மன்னிக்காது. அவரையும் அந்த ஒற்றை எண்ணை அமுக்கிக் கேட்கச் சொல்.

ஒன்பதாவது வைத்தியம் இதைவிட மோசம். எஸ்10 பதிவேட்டில் 255 என்று போட்டால் லைன் அறுபடாது என்கிறாய். எஸ்10 என்பது கேரியர், அதாவது மறுமுனை மோடத்தின் ஒலி, காணாமல் போனால் மோடம் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்ற கணக்கு. நொடியில் பத்தில் ஒரு பங்கு அதன் அளவு. பல மோடங்களில் 14 இருக்கும், அதாவது 1.4 நொடி. 50 ஆக்கு, ஐந்து நொடி பொறுக்கும். சின்னச் சடசடப்பைத் தாண்டிவிடும். நியாயமான வைத்தியம். 255 என்றால், கேரியர் போனாலும் போனதாகவே எடுத்துக்கொள்ளாதே என்று மோடத்துக்கு உத்தரவு. மறுமுனை செத்துக் கிடக்கும், இந்த முனை போனை வைக்காது, மீட்டர் ஓடும். உன் பேச்சைக் கேட்டவர் பில்லைப் பார்க்கும்போது உன்னைத்தான் நினைப்பார். ஏழாவதும் ஒன்பதாவதும் ஒரே ஜாதி: நோயைத் தீர்க்காமல் முனகலை நிறுத்துகிறவை.

இத்தனை திட்டியும் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்றால், உன் கட்டுரையின் கடைசிப் பத்திக்காக. பிரவுசிங் சென்டர்க்காரரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, லைன் அறுபடும் நேரத்தையெல்லாம் குறிக்கச் சொல்லியிருக்கிறாய். அது மாடி வீட்டு போர் மோட்டார் போடும் நேரத்தோடு பொருந்துவதைக் கண்டு, மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்த டிராப் வயரை, கம்பத்திலிருந்து வரும் போன் கம்பியை, பிரித்து எதிர்ச் சுவரில் கொண்டுபோயிருக்கிறாய். அபாரம்! பெரிய அதிகாரிகள் டெஸ்டிங் கருவியோடு வந்து கையை விரித்துவிட்டுப் போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் நாலு ரூபாய் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பத்தியைப் படித்தபோது எங்கள் வெற்றிலை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் கிடையாது.

ஆகவே கட்டுரையை மறுபடி அச்சிடும்போது, அந்த நோட்டை முதல் வைத்தியமாக ஏற்று. ஒற்றை எண்ணை அமுக்கிக் கேட்பதை இரண்டாவதாக வை. இப்போதைய ஏழில் ஏ.டி.எம்.1 என்று திருத்து, ஒன்பதில் 50 என்று திருத்து. புது மோடம் வாங்குங்கள் என்று மூன்றாவதில் எழுதியிருக்கிறாயே, அதைக் கடைசியாகக் கீழே தள்ளு. மேலே உள்ள எல்லாவற்றையும் செய்து பார்த்தவனுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

இப்படிக்கு,
பழைய எக்ஸ்சேஞ்ச்காரன் ஒருவன்